டேங்க் நான்கில் மூன்று சென்டிமீட்டர்

குழாயைத் திறந்தார்கள்.

எண்ணெய் வரவில்லை.

"இன்னும் திருப்புய்யா."

"முழுசா திறந்துட்டேன் முதலாளி. உள்ள என்னமோ அடைச்சிருக்கு."

ஸ்பாக்ஸ் நகரத்துக்கு வெளியே, நாற்பதாவது கிலோமீட்டரில் ஃபௌஸியின் ஆலிவ் ஆலை. டிசம்பர் மாதம். காலை ஒன்பது மணி. வரிசையாக எட்டு எவர்சில்வர் டேங்குகள். நான்காம் டேங்கின் குழாயில் ஹோஸ் மாட்டியிருந்தது. ஹோஸின் மறுமுனை சோப்புக் கம்பெனி லாரியில்.

டேங்கில் இருந்தது பதினோராயிரம் லிட்டர். வெளியே வந்தது ஏழெட்டுச் சொட்டு.

"கம்பி விட்டுக் குத்து," என்றார் ஃபௌஸி. அவருக்கு அவசரம். எட்டரை மணியிலிருந்தே அவசரம்.

லாரி டிரைவர் கம்பியின் முனையை வளைத்தான். குழாய்க்குள் விட்டான். சுழற்றினான். இழுத்தான்.

வந்தது எண்ணெய் அல்ல.

சிவப்புக் கம்பளி.

"தொப்பி மாதிரி இருக்கு முதலாளி."

"எண்ணெய்க்குள்ள தொப்பி எப்படிய்யா வரும்?"

"தலையோட வந்திருக்கும்."

டிரைவர் விளையாட்டாகத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. அந்த ஆலைக்கு இன்னமும் சிவப்புக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வருகிறவர் ஒரே ஒருவர்தான்.

மேலே ஏறி டார்ச் அடித்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. தண்ணீரென்றால் மிதக்கலாம். எண்ணெயில் மனிதன் கல். நேராகத் தரைக்குப் போய்விடுவான்.

காலியாக இருந்த ஐந்தாம் டேங்குக்கு எண்ணெயை மேலிருந்து பம்ப் செய்தார்கள். ஐம்பது நிமிடம் ஆனது.

அடியில் லம்ஜெத் இருந்தார்.

மாகாணத்திலேயே மதிப்பான நாக்கு அவருடையது. எண்ணெயை ருசி பார்த்து அவர் கையெழுத்துப் போட்டால்தான் பாட்டிலில் 'எக்ஸ்ட்ரா விர்ஜின்' என்று லேபிள் ஒட்டலாம். இல்லாவிட்டால் வெறும் 'விர்ஜின்'. அதற்கும் கீழே என்றால் 'விளக்குத் தரம்'. வாயில் வைக்கவே கூடாது.

அந்த நாக்கு இப்போது கொஞ்சம் வெளியே தெரிந்தது. கடைசியாக ருசி பார்த்ததைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

* * *

இன்ஸ்பெக்டர் நஸீஹா ஜீப்பிலிருந்து இறங்கினாள். முதல் அடியிலேயே வழுக்கியது. சார்ஜெண்ட் ஷெட்லி பிடித்தார்.

"பார்த்து மேடம். தரை பூரா எண்ணெய்."

"இப்பவாவது சொன்னீங்களே."

ஃபௌஸி ஓடி வந்தார். கையில் பாதாம் போட்ட டீ. சாவு நடந்த இடத்திலும் உபசரிப்பை விடாத மனிதர்.

"கொன்னது யாருன்னு எனக்குத் தெரியும் மேடம்."

"ரொம்ப நல்லது. நான் டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பறேன்."

"மப்ரூக்கா. பெண்கள் கூட்டுறவுத் தலைவி. நாலாம் டேங்க் அவங்க எண்ணெய்தான். நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு லம்ஜெத் அது எக்ஸ்ட்ரா விர்ஜின் இல்லைன்னுட்டாரு. அவ முப்பத்தாறு பொம்பளைங்க முன்னால கத்தினா. 'உன் நாக்கை எண்ணெயில போட்டு வறுக்கணும்'னு."

"வறுக்கலையே. ஊறல்ல போட்டிருக்காங்க."

ஃபௌஸிக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. பாதி சிரித்து நிறுத்திக்கொண்டார்.

"இந்த லாரி எதுக்கு?" என்றாள் நஸீஹா.

"சோப்புக் கம்பெனிக்கு. தரம் தேறலைன்னா எண்ணெய் ஆலைக்குச் சொந்தம். ஒப்பந்தம் அப்படி."

"நேத்து நாலு மணிக்குத் தேறலை. இன்னிக்கு எட்டரைக்கே லாரி. சுறுசுறுப்பு."

"தொழில்னா அப்படித்தான் மேடம்."

உடலைப் பார்த்த டாக்டர் கை துடைத்தார். நேற்று மாலை. மூச்சுக்குழலில் எண்ணெய். வேறு காயம் இல்லை. மேலிருந்து விழுந்திருக்கிறார், அல்லது விழ வைக்கப்பட்டிருக்கிறார்.

"டேங்க் மூடி திறந்திருந்துச்சா?" என்று கேட்டாள் நஸீஹா.

"மூடியிருந்துச்சு. திருகி, இறுக்கி," என்றார் ஷெட்லி. "விழுந்தவரு உள்ளயிருந்து மூடிக்கிட்டாருன்னா தற்கொலை மேடம்."

"அரசு வக்கீல் எப்ப வர்றாரு?"

"மூணு மணிக்கு. யாரையாவது காட்டணும். இல்லைன்னா கத்துவாரு."

"அப்ப அந்தம்மாவைக் கூட்டிட்டு வாங்க. காட்டறதுக்கு ஒரு ஆள் வேணும்ல."

* * *

மப்ரூக்காவைத் தோட்டத்திலிருந்து அப்படியே அழைத்து வந்தார்கள். ஐம்பது வயது. தலையில் பூப்போட்ட துணி. வலது கையின் மூன்று விரல்களில் ஆட்டுக்கொம்புத் துண்டுகள். கொம்பு விரல்களால் கிளையைச் சீவினால் காய் உதிரும், இலை தப்பிக்கும்.

ஷெட்லி விலங்கை எடுத்தார். அவள் கையைப் பார்த்தார். விலங்கைப் பார்த்தார்.

"கொம்பைக் கழட்டுங்கக்கா."

"எதுக்கு?"

"ரேகை எடுக்கணும்."

"கொம்போட எடுத்துக்க. அப்புறம் ஆட்டைத் தேடிப் புடி."

நஸீஹா டீயை வாய்க்கு அருகே நிறுத்தினாள். பிறகு குடித்தாள்.

"நேத்து அஞ்சு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"மரத்து மேல."

"யாரு பார்த்தா?"

"முப்பத்தாறு பேரு. எல்லாரும் என் ஆளுங்க. நம்புவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப எதுக்குக் கேட்டீங்க?"

"சம்பளம் குடுக்கறாங்களே. லம்ஜெத் மேல கோவம் வந்துச்சா?"

"கோவம் வராம கொட்டாவியா வரும்?" மப்ரூக்கா கொம்பு விரல்களால் மேஜையைத் தட்டினாள். டக். டக். டக். "நாலு வருஷமா எங்க காயை இந்த ஃபௌஸி வாங்கி, அவரு பேரை ஒட்டி வித்தாரு. இந்த வருஷம்தான் எங்களுக்குன்னு தனி லேபிள். ஆறாயிரம் அச்சடிச்சு வந்தாச்சு. முப்பத்தேழு பேரோட பேரும் அதுல இருக்கு மேடம், பொடி எழுத்துல. எழுதப் படிக்கத் தெரியாதவகூட அவ பேரு எந்த வரியில இருக்குன்னு தொட்டுக் காட்டுவா. அந்த ஆளு ஒரு வாய் உறிஞ்சிட்டு, 'ஊசிப்போன வாடை'ன்னுட்டாரு. என் எண்ணெயைப் பார்த்து!"

"நீங்க ருசி பாக்கலையா?"

"அந்த ரூமுக்குள்ள எங்களை விடமாட்டாங்க. நாங்க செண்ட் போட்டிருப்போமாம்." ஆறு மணி நேரம் மரத்தில் நின்ற தன் சட்டையை ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டாள். "நான் கொல்லலை. ஆனா, செத்தவரு பொய் சொல்லிட்டுத்தான் செத்தாரு. அதை எழுதிக்குங்க."

ஷெட்லி எழுதிக்கொண்டார். ரகசியமாக நஸீஹாவிடம் குனிந்தார்.

"மூணு மணிக்கு இவங்கதான் மேடம். வேற ஆளே இல்லை."

"தெரியும். அதான் பிடிக்கலை."

* * *

நஸீஹா நான்காம் டேங்கிடம் போனாள். குழாய்க்கு மேலே ஒரு கம்பியில் அட்டை தொங்கியது. ஒவ்வொரு டேங்குக்கும் ஒரு அட்டை. டேங்குக்குள் இருப்பது என்ன, எவ்வளவு, எந்தத் தரம், எல்லாம் அதில்தான். பாட்டிலில் ஒட்டும் லேபிள் இந்த அட்டையைப் பார்த்துத்தான் அச்சாகும்.

அட்டைகளை எழுதுகிறவர் பெஷீர். டேங்க் பொறுப்பாளர். முப்பத்தோரு வருடம். குண்டுகுண்டான கையெழுத்து. கையில் எப்போதும் அளவுக் குச்சி. போன வாரம் மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் போனார். முப்பத்தோரு வருடத்தில் அவர் எடுத்த லீவு அவ்வளவுதான். சுண்டுவிரல் மருதாணி இன்னும் அழியவில்லை.

நஸீஹா அட்டையைப் படித்தாள்.

'டேங்க் 4. பெண்கள் கூட்டுறவு. அறுவடை: நவம்பர் 12. மட்டம்: 350 செ.மீ. எதிர்பார்க்கும் தரம்: எக்ஸ்ட்ரா விர்ஜின்.'

நவம்பர் 12 என்பதன் மேல் மட்டும் ஒரு கோடு. பச்சை மையில்.

கீழே, அதே குண்டு எழுத்தில்: 'டிசம்பர் 9. மாலை 5.20. மட்டம்: 353 செ.மீ. தரம்: விளக்குத் தரம். உண்ணத் தகுதியில்லை.'

அவள் மறுபடி படித்தாள்.

பிறகு ருசி அறைக்குப் போனாள். மேஜையில் வரிசையாக நீலக் கண்ணாடிக் கிண்ணங்கள். மேலே கண்ணாடி மூடிகள். நிறம் பார்த்து நாக்கு ஏமாறக் கூடாது என்பதற்காக நீலம். லம்ஜெத்தின் கோட்டு நாற்காலியில் இருந்தது. அதன் பைக்குள் போன் அடித்தது. 'வீடு' என்று காட்டியது. ஷெட்லி எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அடித்தது.

மேஜை மேல் லம்ஜெத்தின் தாள். பச்சை மை.

'டேங்க் 4: ஊசல் வாடை. தொண்டையில் காரம் இல்லை. தரம்: விர்ஜின். மறுபடி எடுத்துப் பார்க்கவும்.'

அடுத்த வரி: 'டேங்க் 7: நாளை காலை. முதலாளி கேட்டபடி.'

"ஷெட்லி... இவரு விர்ஜின்னு எழுதியிருக்காரு."

"ஆமா மேடம். ஒரு படி இறக்கிட்டாரு."

"அட்டையில ரெண்டு படி இறங்கியிருக்கு. இன்னொரு படி இறக்கினது யாரு?"

* * *

பெஷீர் குச்சியோடு வந்து நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"இந்த அட்டை நீங்க எழுதினதா பெரியவரே?"

"நான்தான் மேடம். வேற யாரும் தொட மாட்டாங்க."

"விளக்குத் தரம்னு லம்ஜெத் சொன்னாரா?"

"இல்லை. அவரு விர்ஜின்னுதான் சொன்னாரு."

"அப்ப நீங்க ஏன் இன்னும் இறக்கினீங்க?"

பெஷீர் அவளை விசித்திரமாகப் பார்த்தார். இதுகூடத் தெரியாதா என்பது போல.

"உள்ள ஒரு ஆள் கிடக்கும்போது... அதைச் சாப்பிடற எண்ணெய்னு எப்படி மேடம் எழுதறது?"

ஷெட்லியின் பேனா நின்றது.

"மூணு சென்டிமீட்டர்?" என்றாள் நஸீஹா மெதுவாக.

"அது அவருதான். தொண்ணூத்திநாலு லிட்டர். கொஞ்சம் கனத்த உடம்பு."

"கொன்னது நீங்களா?"

"ஆமா மேடம்."

"காலையிலேர்ந்து இங்கதானே நின்னீங்க? ஒரு வார்த்தை சொல்லலையே."

"நேத்தே எழுதிட்டேன். தேதி, நேரம், மட்டம், எல்லாம். டேங்க் முன்னாலதான் தொங்குது." அவர் குரலில் உண்மையான வருத்தம். "நீங்க யாரும் படிக்கலை."

கதவோரம் நின்றிருந்த மப்ரூக்கா உள்ளே வந்தாள். மணிக்கட்டில் ஒரு விலங்கு, விரல்களில் மூன்று கொம்பு.

"பெஷீர் அண்ணே... எங்களுக்காகவா?"

"உங்களுக்காக இல்லம்மா. அட்டைக்காக."

"என்னது?"

"மறுபடி எடுத்துப் பாக்கணும்னு மேல ஏறி வந்தாரு. நான் மட்டம் பார்க்க அட்டையோட நின்னேன். மூடி திறந்திருந்துச்சு. மோந்து பார்த்தாரு. 'இது நவம்பர் எண்ணெய் இல்லய்யா, போன வருஷத்துது, உன் அட்டை பொய்'னாரு. சொல்லிட்டு, அவர் பேனாவை எடுத்து, என் தேதி மேல..." பெஷீரின் கை காற்றில் ஒரு கோடு போட்டது. "முப்பத்தோரு வருஷத்துல ஒரு அடித்தல் கிடையாது மேடம். யாரோ அவரை விலைக்கு வாங்கிட்டாங்கன்னு நினைச்சேன். தள்ளினேன்."

"கை கொடுத்துத் தூக்கியிருக்கலாமே," என்றாள் நஸீஹா.

"கொடுத்திருக்கலாம்." யோசித்தார். "முதல்ல மட்டம் பார்த்துடலாம்னு தோணிச்சு. பார்த்து முடிக்கறதுக்குள்ள... அப்புறம் மூடியை இறுக்கிட்டேன்."



"எண்ணெயை நீங்க ருசி பார்த்தீங்களா பெரியவரே? அவரு சொன்னது சரியா தப்பான்னு?"

"நான் ருசி பாக்கறதில்லை. நாக்கு ஆளுக்கு ஆள் மாறும். குச்சி மாறாது."

ஷெட்லி பெருமூச்சு விட்டார். மப்ரூக்காவின் விலங்கைக் கழற்றினார். மூன்று மணிக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. கேஸ் முடிந்தது. வழக்கமாக இந்த இடத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள்.

நஸீஹா போகவில்லை.

"மப்ரூக்காக்கா... செண்ட் போட்டிருக்கீங்களா?"

"இல்லை."

"அப்ப உள்ள வாங்க. அந்த நாலாம் நம்பர் கிண்ணம் நேத்து மத்தியானம் எடுத்தது. அவரு விழறதுக்கு முன்னால. ருசி பாருங்க."

மப்ரூக்கா மூடியை எடுத்தாள். கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்துச் சூடு ஏற்றினாள். முகர்ந்தாள். உறிஞ்சினாள். வாய்க்குள் காற்றை இழுத்தாள்.

மறுபடி உறிஞ்சினாள்.

"என்னாச்சு?"

"இருமல் வரலை," என்றாள் மப்ரூக்கா.

"வரணுமா?"

"நாங்க காய் கறுக்கும் முன்னாலயே பறிச்சோம் மேடம். பச்சைக் காய். தொண்டையைக் கடிக்கணும். இது கடிக்கவே இல்லை. கிழட்டு எண்ணெய். ஊசிப்போன வாதுமைப் பருப்பு மாதிரி..." கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "இது எங்களுது இல்லை. செத்தவரு பொய் சொல்லலை."

பெஷீர் சிரித்தார். பாவம், உண்மையிலேயே சிரித்தார்.

"நாலாம் டேங்க்ல இருக்கறது உங்களுதுதாம்மா. அட்டையில இருக்கே."

"பெரியவரே," என்றாள் நஸீஹா, "ஏழாம் டேங்க் அட்டையில என்ன இருக்கு?"

"ஃபௌஸி தோட்டம். போன வருட எண்ணெய். விர்ஜின். 350 செ.மீ."

"போன வருஷமே தரம் போட்ட பழைய எண்ணெயை இன்னிக்கு மறுபடி ருசி பாக்கச் சொல்லி முதலாளி ஏன் கேட்டாரு?"

பெஷீரின் சிரிப்பு மெல்ல வடிந்தது. மட்டம் இறங்குவது போல.

* * *

ஏழாம் டேங்கின் குழாயை ஷெட்லி திறந்தார். பச்சையாக வந்தது. வெட்டின புல் வாசனை.

மப்ரூக்கா உறிஞ்சினாள். இருமினாள். இன்னும் உறிஞ்சினாள். இன்னும் இருமினாள். கண்ணில் தண்ணீர்.

"எங்களுது."

நஸீஹாவும் ஒரு வாய் குடித்தாள். இரண்டு நிமிடம் பேச முடியவில்லை. கிண்ணத்தை ஃபௌஸியிடம் நீட்டினாள்.

"உங்க... ஊசிப்போன எண்ணெய் முதலாளி. குடிங்க."

ஃபௌஸி குடித்தார். இருமலை அடக்கப் பார்த்தார். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் தொழுவத்து மாடு போல இருமினார். வாக்குமூலங்களில் அது சுத்தமானது. எதுவும் கலக்காதது.

"பெரியவர் மக கல்யாணத்துக்குப் போன ரெண்டு நாள்ல," என்றாள் நஸீஹா, "காலி அஞ்சாம் டேங்க்கை நடுவுல வெச்சு, நாலுல இருந்ததை ஏழுக்கும் ஏழுல இருந்ததை நாலுக்கும் மாத்திட்டீங்க. திரும்பி வந்து குச்சி விடுவாருன்னு தெரியும். அதான் ரெண்டுலயும் சரியா 350. ருசி மட்டும் பாக்க மாட்டாருன்னும் தெரியும்."

"மேடம், நான் லம்ஜெத்துக்கு ஒரு தினார்கூடக் குடுக்கலை. சத்தியமா."

"எதுக்குக் குடுக்கணும்? அவரு நேர்மையான ஆளு. ஊசினதை ஊசினதுன்னு சொல்லுவாரு. இன்னிக்கு ஏழாம் டேங்க்கை நல்லதுன்னும் சொல்லியிருப்பாரு. மப்ரூக்கா எண்ணெய் உங்க லேபிள்ல போயிருக்கும். பழசு சோப்பாகியிருக்கும். சாட்சியும் நுரையா போயிருக்கும்." அவள் கைக்குட்டையால் வாயைத் துடைத்தாள். "ரெண்டு நேர்மையான ஆளுங்களை வெச்சு ஒரு திருட்டு. ஒருத்தரு செத்தாரு. ஒருத்தரு கொன்னாரு. உங்களுக்கு இருமல் மட்டும்தான்."

பெஷீர் இதையெல்லாம் கேட்கவில்லை. நான்காம் டேங்கின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அட்டையைக் கையில் வைத்திருந்தார். 

"மேடம்... ஒரு பேனா தர்றீங்களா?"

நஸீஹா கொடுத்தாள். அவர் டேங்கில் அட்டையைச் சாய்த்து வைத்து எழுதினார். பச்சைக் கோட்டுக்குப் பக்கத்தில், குண்டு எழுத்தில்: 'அறுவடை: சென்ற வருடம். லம்ஜெத் சொன்னது சரி.' தேதி போட்டார். நேரம் பார்த்து எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

பிறகு கைகளை நீட்டினார். ஷெட்லி விலங்கை மாட்டினார். மருதாணி விரல் வெளியே தெரிந்தது.

மப்ரூக்கா போய்விட்டாள். பாட்டில் அறையிலிருந்து பெண்களின் குலவை கேட்டது. நடுநடுவே இருமலும் கேட்டது. வேறு ருசியாளர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். யாரைக் கூப்பிடலாம் என்று மப்ரூக்காவே ஒரு பெயர் சொல்லியிருந்தாள். அவருக்கு மூக்கு நல்ல மூக்காம்.

மூன்று மணிக்கு அரசு வக்கீல் வந்தார். காட்டுவதற்கு ஆள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர் கத்தவில்லை.

ஜீப்பில் ஏறும்போது ஃபௌஸி திரும்பிப் பார்த்தார். எந்த நிலையிலும் தொழிலை மறக்காத மனிதர்.

"மேடம்... அஞ்சாம் டேங்க்ல பதினோராயிரம் லிட்டர் நிக்குது. லம்ஜெத் ஊறின எண்ணெய். அதை இப்ப என்ன பண்றது?"

நஸீஹா கதவைச் சாத்தினாள்.

"உள்ளதை உள்ளபடி லேபிள்ல எழுதி ஒட்டிடுங்க முதலாளி. தாராளமா விக்கும். யாரு படிக்கறா?"